பீட் காட்டுக்குள்ள பார்லி எதுக்கு?

குழு: தோட்டத்து வீடு

நார்விச் அக்கா – மாலை 6:52
(படம்)
பெரியப்பா, நீங்க கேட்ட இங்கிலாந்து சுகர் பீட் காடு இதுதானுங்க. மார்ச் கடைசில வெதைச்சது. வரிசைக்கு நடுவுல புல்லு மாதிரி நிக்கறது பார்லி. களை இல்லீங்க, வேணும்னேதான் வெதைச்சிருக்காங்க.

பவானி அத்தை – மாலை 6:55
பீட்ரூட்டு செவப்பா இருக்குமே கண்ணு. இதுல எப்படி சக்கரை?

நார்விச் அக்கா – மாலை 6:58
அதுக்கு ஒறம்பரைதானுங்க அத்தை. ஆனா கிழங்கு உள்ள வெள்ளையா இருக்கும். நூறு கிலோவுக்கு 16, 17 கிலோ சக்கரை. இந்தக் குளிர்ல கரும்பு வராது, அதனால இதுதான் இவங்க கரும்பு. நார்ஃபோக்ல கேன்ட்லிங்கற ஊர்ல 1912ல ஆலை கட்டினாங்க, இன்னும் ஓடுது. நம்ம கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையம் ஆரம்பிச்சதும் அதே 1912தான்.

கோபி பெரியப்பா – மாலை 7:03
அது சரி அம்முணி. பார்லி எதுக்கு? தண்ணியும் குடிக்கும், உரத்தையும் திங்கும். பயிருக்குப் போட்டி.

நார்விச் அக்கா – மாலை 7:11
மொதல்ல காத்தைத் தடுக்கத்தானுங்க பெரியப்பா. இது ஃபென்ஸ்ங்கற பகுதி. ஒரு காலத்துல முழுக்கச் சதுப்பு. 1600கள்ல இருந்து தண்ணிய வடிச்சு வடிச்சு விவசாய நெலமாக்குனாங்க. கருகருன்னு மண்ணு, கையில அள்ளினா பஞ்சு மாதிரி இருக்கும். காய்ஞ்சா சுருங்கிரும், காத்துல பறந்துரும். ஹோம் ஃபென்னுங்கற எடத்துல 1851ல ஒரு இரும்புத் தூணைத் தலை வரைக்கும் மண்ணுக்குள்ள புதைச்சு வெச்சாங்க. இன்னிக்கு அது தரைக்கு மேல 4 மீட்டர் நிக்குது. தூணு வளரலைங்க, மண்ணு அவ்வளவு எறங்கிப்போச்சு.

மார்ச், ஏப்ரல்ல காத்தடிச்சா எதிர்ல வர்ற வண்டி தெரியாது. அந்த மண்ணு பட்டு முளைவிட்ட பீட் அறுபட்டுப் போகும், மறுபடி வெதைக்கோணும். பார்லி கொஞ்சம் ஒசரம் வந்துட்டாலே காத்தைத் தாங்கிக்கும். பீட்டுக்குப் போட்டியா வர்றதுக்கு முந்தி அதைக் கருக்கிருவாங்க.

நான் – மாலை 7:14
அக்கா, பார்லி இருந்தா அசுவினிப் பூச்சி கம்மியாகும்னு படிச்சேன். நெஜமா?

நார்விச் அக்கா – மாலை 7:24
ஆமாடா தம்பி, இங்க பீட் ஆராய்ச்சி நிறுவனம் அதைத்தான் சோதிச்சுப் பாக்குது. வெறும் மண்ணுல பச்சையா ஒரு செடி தனியா தெரிஞ்சா அசுவினி அங்க எறங்கும். சுத்தியும் பச்சையா இருந்தா அதுக்கு எடம் அடையாளம் தெரியறதில்லை.

அசுவினி சாறு உறிஞ்சறது பெரிய விசயமில்லை. அது கொண்டுவர்ற மஞ்சள் நோய் வைரஸ்தான் ஆளைக் கவுக்கும். முன்னெல்லாம் விதைலயே நியோனிக்னு ஒரு பூச்சிமருந்து தடவி வரும். தேனீக்கு ஆகாதுன்னு 2018ல ஐரோப்பிய ஒன்றியம் வெளிக்காட்டுல தடை போட்டுது. 2020ல மஞ்சள் நோய் வந்து நாடு முழுக்க மகசூல் கால் பங்கு போச்சு. சிலருக்குக் காடே போச்சு. பொறவு சில வருசம் இங்கத்தி அரசாங்கத்துல அவசர அனுமதி குடுத்தாங்க, 2025 ஜனவரில அதையும் மறுத்துட்டாங்க.

தடை சரிங்கறதுதான் என் எண்ணம். தேனீயையும் ஓடைத் தண்ணியையும் பாக்கோணும். ஆனா ஒரு மருந்தைக் கையில இருந்து வாங்கும்போது பதிலுக்கு அந்தக் கையில என்ன குடுத்தோம்? அதுலதான் மனசு கொதிக்குது. மண்ணை மீட்டெடுக்கற மீள்விவசாயம்னு மேடைல பேசறாங்க. காட்டுல நிக்கறவனுக்கு ஒரு துண்டுப் பிரசுரம்தான் வருது.

சத்தி சித்தப்பா – மாலை 7:31
அதேதான் நானும் கேக்கறேன். இப்படி மாறினா, மொத ரெண்டு வருசம் மகசூல் கொறைஞ்சா கடனை யாரு கட்டறது? ஆலைக்காரனா? நீ வேலை பாக்கற கம்பெனியா?

நார்விச் அக்கா – மாலை 7:45
நியாயமான கேள்விங்க சித்தப்பா. நான் விவசாயிகளுக்குச் சொல்லிக் குடுக்கப் போற தோட்டத்துல எல்லாம் மொதக் கேள்வியே இதுதான்.

அரசாங்கத்துல ஒரு திட்டம் இருந்துச்சு. குளிர்காலத்துல மண்ணை வெறுமனே விடாம கலப்புப் பயிர் போட்டு மூடி வெச்சா ஹெக்டேருக்கு 129 பவுண்ட். பூச்சிமருந்தே அடிக்காம இருந்தா தனியா 45 பவுண்ட். நல்லாத்தான் ஆரம்பிச்சாங்க. 2025 மார்ச் 11ந் தேதி, பணம் தீர்ந்துபோச்சுன்னு புது விண்ணப்பத்தை நிறுத்திட்டாங்க. பக்கத்துக் காட்டைப் பாத்துட்டு நாமளும் சேரலாம்னு கணக்குப் போட்டுட்டு இருந்தவங்க வெளியவே நின்னுட்டாங்க.

பீட் விலை பெரும்பாலும் வருசா வருசம் பேசி முடிவாகறது. நெலமும் நெறைய எடத்துல ஒரு போகத்துக்கு மட்டும் குத்தகைக்குப் பிடிச்சது. மண்ணு சீராக அஞ்சாறு வருசம் ஆகும். அடுத்த வருசம் யாரு கையில இருக்கும்னு தெரியாத நெலத்துக்கு எவன் செலவு பண்ணுவான்?

என்னைக் கேட்டா, அந்த இடைப்பட்ட வருசங்கள்ல வர்ற நட்டத்துல ஆலையும், சக்கரை வாங்கற பிஸ்கட், மிட்டாய் கம்பெனிகளும், அரசாங்கமும் பங்கு எடுத்துக்கோணும். எழுத்துல போட்டு, அஞ்சு வருசத்துக்கு. இத்தன நாளா மண்ணு தேய்ஞ்சதுல மலிவா சக்கரை கெடைச்சது அவங்களுக்கெல்லாம்தானுங்க.

கோபி பெரியப்பா – மாலை 7:49
சரியாச் சொன்னே. உழவு?

நார்விச் அக்கா – மாலை 7:58
அதுதாங்க பெரியப்பா கஷ்டம். கோதுமைக்கு உழாம வெதைக்கறது இங்க பழகிப்போச்சு. பீட் அப்படியில்லை. விதை மொளகு அளவு, மண்ணு பொடிப்பொடியா இருந்தாத்தான் மொளைக்கும். மண்ணு இறுகிக் கெடந்தா கிழங்கு நேரா எறங்காம ரெண்டா மூணா கவுட்டு விட்டுரும். அதனால வரிசை வர்ற பட்டையை மட்டும் கீறிட்டு மிச்சத்தைத் தொடாம விடறாங்க.

அறுவடை இன்னும் மோசம். நவம்பர் மழைல ஈரக் காட்டுக்குள்ள ஆறு வரிசை மிஷின் எறங்கும். நெறைஞ்சா 50 டன்னுக்கு மேல. வருசம் முழுக்கப் பாத்துப் பாத்து வெச்ச மண்ணு ஒரே நாள்ல அழுந்திப்போகும். கிழங்கோட ஒட்டிக்கிட்டு மேல்மண்ணும் ஆலைக்குப் போயிரும். அங்க கழுவி எடுத்து அந்த மண்ணைத் தனியா விக்கறாங்க.

இன்னொண்ணு, பார்லியைக் கருக்கறது களைக்கொல்லி வெச்சுத்தான். மருந்தைக் கொறைக்கோணும்னு பேசற நாங்களே அதைச் சொல்லிக் குடுக்கறோம். எனக்கு அது உறுத்தலாத்தான் இருக்குது. வேற வழி தேடிட்டுத்தான் இருக்காங்க.

பவானி அத்தை – மாலை 8:00
மேல்மண்ணையா விக்கறாங்க? வயித்தெரிச்சலா இருக்குது.

சத்தி சித்தப்பா – மாலை 8:04
அப்ப எதைப் பாத்துத்தான் விவசாயி நம்பறான்?

நார்விச் அக்கா – மாலை 8:13
பக்கத்துக் காட்டுக்காரரைப் பாத்துதானுங்க. நான் நூறு படம் காட்டினாலும் ஆகாது. ஒருத்தர் தன் காட்டுல நாலு பட்டை மட்டும் மாத்தி வெதைச்சு, ஊர்க்காரங்களைக் கூப்பிட்டு, மம்முட்டிய ரெண்டு பக்கமும் எறக்கிக் காட்டுவார். ஒரு பக்கம் கட்டியா பேந்து வரும். இன்னொரு பக்கம் வேரும் மண்புழுவுமா உதுந்து வரும். அங்க நின்னுட்டு அவங்க கேக்கற கேள்வி இருக்கே, டீசல் எவ்வளவு மிச்சம், விதை எங்க வாங்கின, மழைல என்னாச்சுன்னு, அந்த ஒரு மணி நேரத்துல நடக்கற வேலை வேற எதுலயும் நடக்காது.

வேரைத் தாக்கற நூற்புழு இருக்கற காட்டுல கோதுமை அறுத்த பொறவு எண்ணெய் முள்ளங்கின்னு ஒண்ணு போடுவாங்க. அதோட வேரு நூற்புழு முட்டையைப் பொரிய வெச்சு, புழுவை உள்ள இழுக்கும், ஆனா பெருக விடாது. அதுக்குன்னே எதிர்ப்புச் சக்தியுள்ள ரகம் இருக்குது. இதெல்லாம் ஒருத்தர் செஞ்சு காட்டித்தான் பரவினது.

அதனாலதான் முழுக் காட்டையும் மாத்துங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லை. போனாலும் குடும்பம் தாங்கற அளவுக்கு ஒரு ஓரத்துல பண்ணுங்கன்னுதான் சொல்றது.

கோபி பெரியப்பா – இரவு 8:20
நம்ம கரும்புச் சோகைக்கும், அந்தக் காய்ஞ்ச இலைக்கும் இதே நாயம்தான் அம்முணி. எரிக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எரிக்காம விட்டா வரிசைக்கு நடுவுல இருக்கற பார்ல தண்ணி பாயாது. எலி அடையும். பீடி நெருப்பு பட்டா, வெட்டின கட்டைல வர்ற மறுதாம்பே போச்சு. கூட்டித் தள்ள ஆள் கெடையாது. இதுக்கெல்லாம் என்ன பண்றதுன்னு ஒருத்தரும் சொல்றதில்லை. தீக்குச்சி கிழிக்கறது ஆசைலயா?

நார்விச் அக்கா – இரவு 8:24
இல்லீங்க பெரியப்பா, தெரியும். பத்து மாசம் வெயில்ல விளைஞ்ச இலையை எரிக்கறப்ப உங்களுக்கும் மனசு வலிக்கும்.

நான் – இரவு 8:29
பெரியப்பா, சோகையைத் தூளாக்கற மிஷின் டிராக்டர்ல மாட்டலாம். தூளாப் போச்சுன்னா தண்ணியை அவ்வளவா மறிக்காது. ஒரு பார் விட்டு ஒரு பார் மட்டும் பரப்பிட்டு, காலியா இருக்கற பார்ல தண்ணி விடலாம். மக்கற வரைக்கும் தழைச்சத்தை அது இழுத்துக்கும், அதனால கொஞ்சம் யூரியாவும் சாணிக் கரைசலும் மேல தெளிக்கோணும். காலேஜ்ல செஞ்சு பாத்துருக்கோம்.

சத்தி சித்தப்பா – இரவு 8:33
சொட்டுநீர் போட்ட காடா இருந்தா தண்ணிப் பிரச்சினையே இல்லை. கெணத்து மேட்டுக் காடு சொட்டுநீர்தானே அண்ணா?

கோபி பெரியப்பா – இரவு 8:37
ஆமா. ஒன்றரை ஏக்கரா. அடுத்த மாசம் வெட்டு. அதுல பாதி பண்ணிப் பாக்கலாம். மீதியை எப்பவும் போல விடறேன், அப்பத்தானே வித்தியாசம் தெரியும்.

பவானி அத்தை – இரவு 8:39
கெணத்து மேட்டுல பாம்பு எச்சா. சோகையைக் கெடப்புல போட்டா ஆளுக தண்ணி கட்டப் பயப்படுவாங்க. யோசிச்சுப் பண்ணுங்கண்ணா.

கோபி பெரியப்பா – இரவு 8:42
வரப்போரமா ரெண்டு பார் சுத்தமா விட்டுர்றேன்.

நார்விச் அக்கா – இரவு 8:44
பெரியப்பா, ரெண்டு பாதிலயும் தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா விட்டீங்க, களைக்கு ஆள் எவ்வளவு ஆச்சுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. மழை வந்த மறுநாள் மம்முட்டி போட்டு ரெண்டு எடத்துலயும் படம் எடுத்து அனுப்புங்க. நான் இங்கத்தி விவசாயிகளுக்குக் காட்டறேன்.

சத்தி சித்தப்பா – இரவு 8:47
மொதல்ல வெட்டாளு மேஸ்திரிகிட்டப் பேசோணும். எரிச்சுப் போட்டா சீக்கிரம் வெட்டலாம்னு அவங்களே பத்த வெச்சுருவாங்க. கூலி கொஞ்சம் சேத்துக் கேப்பாங்க.

கோபி பெரியப்பா – இரவு 8:49
நான் பேசிக்கறேன். தம்பி, அந்தத் தூளாக்கற மிஷின் வாடகை மணிக்கு என்னன்னு வேளாண் பொறியியல் ஆபீஸ்ல கேட்டுட்டு வா.

நான் – இரவு 8:50
நாளைக்குக் கோபி போறேனுங்க பெரியப்பா. நம்ம டிராக்டர்ல மாட்ட முடியுமான்னும் கேட்டுட்டு வந்துர்றேன்.