காரில் 'எர்த்' என்பதற்குப் புவித்தொடுப்பு பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காரில் ஆம்ப்ளிஃபையருக்கு மின்கம்பி இழுக்கும் முறையைத் தமிழில் எழுதுவதற்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்), உருகி (ஃபியூஸ்), காப்புறை (இன்சுலேஷன்) ஆகியவற்றில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 'எர்த்', 'கிரவுண்ட்' என்று பட்டறைகளில் மாறிமாறி வழங்கும் சொல்தான் எஞ்சியிருக்கிறது. பாடநூல்களில் பழகிய புவித்தொடுப்பு என்பதையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அச்சொல்லின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் காரைப் பொறுத்தவரை அது பிழையான சொல் என்பதோடு, வேலை செய்பவரைத் தவறான கம்பியை எடுக்க வைக்கும் சொல்லும் ஆகும் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வீட்டில் புவித்தொடுப்புக் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாள்களில் அதில் மின்னோட்டம் இருப்பதில்லை. கசிவு ஏற்பட்டால் மட்டுமே அதற்கு வேலை. ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கும் காருக்கோ மண்ணோடு எந்தத் தொடுப்பும் இல்லை. பேட்டரியின் நேர்முனையிலிருந்து சிவப்புக் கம்பி வழியே பெருக்கிக்கு எத்தனை ஆம்பியர் போகிறதோ, அத்தனையும் கறுப்புக் கம்பி வழியே வண்டியின் இரும்புத் தகட்டில் இறங்கி, அதன் ஊடாகப் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்ப வேண்டும். 500 வாட் தரும் டி வகைப் பெருக்கி ஒன்றின் திறன் 80 விழுக்காடு என்று கொண்டால், அது முழு அளவில் இயங்கும்போது 625 வாட் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டில் இது ஏறத்தாழ 45 ஆம்பியர். வீட்டின் எர்த் கம்பியை மனத்தில் வைத்திருப்பவருக்கு, கறுப்புக் கம்பியும் இந்த 45 ஆம்பியரைச் சுமக்கிறது என்பது தோன்றுவதே இல்லை.

சென்ற மாதம் என் தம்பியின் காரில் இதை நேரில் கண்டேன். பாஸ் ஒலி எழும்போதெல்லாம் பெருக்கி பாதுகாப்பு நிலைக்குப் போய் அணைந்துவிடுகிறது என்றான். டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், சிவப்புக் கம்பி சுண்டுவிரல் பருமனில் 4 கேஜ், அதாவது 21 சதுர மில்லிமீட்டர். கறுப்புக் கம்பியோ 4 சதுர மில்லிமீட்டர்தான். அதுவும் பெயின்ட் பூசிய தகட்டின் மேலேயே ஒரு சிறு திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தது. நிலையான ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டுக் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன்: 40 ஆம்பியர். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெருக்கியின் எதிர்முனையிலும், நீளக் கம்பி சேர்த்த மறு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்தபோது 0.8 வோல்ட் காட்டியது. இரண்டையும் பெருக்கினால் 32 வாட்; சிறிய பற்றாசுக் கோல் (சால்டரிங் அயர்ன்) ஒன்றின் வெப்பம் அந்த வழியில் வீணாகிக்கொண்டிருந்தது. திருகாணியைத் தொட முடியவில்லை. வேறோர் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, தகடு வெள்ளையாய் மின்னும்வரை தேய்த்து, வளையமுனை பொருத்திய 4 கேஜ் கம்பியை அரை மீட்டருக்கும் குறைவான நீளத்தில் போல்ட்டும் பல்வாஷரும் வைத்து இறுக்கிய பிறகு, அதே அளவீடு 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது. பொருத்தியவர் கவனமில்லாதவர் என்று எனக்குத் தோன்றவில்லை. நேர்முனைக் கம்பியில் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் உருகி வைத்திருந்தார், எஞ்சின் அறைத் தடுப்பைத் துளைத்த இடத்தில் ரப்பர் வளையமும் போட்டிருந்தார். 'எர்த்துதானே' என்ற எண்ணம் மட்டுமே அவரைத் தவற வைத்திருக்க வேண்டும்.

பிற மொழிகளைப் பார்த்தால், ஜெர்மானியர் மண்ணுக்கு 'எர்டே' என்றும் வண்டிக்கு 'மாஸ்ஸே' என்றும் இரு சொற்கள் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சிலும் 'தேர்', 'மாஸ்' என்று இரண்டு உண்டு. மின்சுற்றுப் படங்களிலும் குறியீடுகள் வேறுவேறு: புவிக்கு ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறுகும் மூன்று கோடுகள், உலோகச் சட்டத்துக்கு ஒரு கோடும் அதிலிருந்து சாயும் சிறு கீற்றுகளும். ஆங்கிலமோ இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கிறது. அந்தக் குழப்பத்தைத் தமிழில் நாம் சுமந்துகொள்ள வேண்டியதில்லை.

'எதிர்க்கம்பி' என்ற மற்றொரு முன்மொழிவு பெருக்கியின் முனையில் இருக்கும் கழித்தல் குறிக்குப் பொருந்துகிறது. ஆனால் 1960கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. பழைய வண்டியில் வேலை செய்பவருக்கு அச்சொல் பொய்யாகிவிடும்.

பட்டறைகளில் வழங்கும் 'பாடி எர்த்' என்பதில் முதற்பாதி சரியானது. அந்தப் 'பாடி'யைத் தமிழாக்குவதில்தான் சிக்கல். 'உடலிணைப்பு' வேறு பொருளை நினைவூட்டும் என்பதால் வேண்டாம். 'சட்டகம்' லாரிக்குச் சரி. இன்றைய சிறு கார்களில் தனிச் சட்டகமே கிடையாது, தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்த ஓடுதான் முழு வண்டியும். எனக்குப் பொருத்தமாகப் படுவது 'கூண்டு'. கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டுகிறார்கள் என்று செய்தித்தாள்கள் இயல்பாக எழுதுகின்றன. தொழிலுக்குள்ளேயே பிறந்த அச்சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

இரண்டாம் பாதிக்கு முதலில் 'மீள்தொடுப்பு' என்று எழுதி வைத்திருந்தேன். மறுநாள் படித்தபோது, அறுந்த கம்பியை மீண்டும் இணைப்பது என்ற பொருளே முந்திக்கொண்டு வந்தது, அதனால் விட்டுவிட்டேன். பிறகுதான், ஆங்கிலச் சொல் மூன்று பொருள்களைச் சேர்த்துக் குறிக்கிறது என்பதும், நமக்கு ஒரு சொல் போதாது என்பதும் விளங்கின. மின்னோட்டம் திரும்பும் பாதை முழுவதற்கும் 'மீள்வழி', பெருக்கியிலிருந்து தகட்டுக்குச் செல்லும் கறுப்புக் கம்பிக்கு 'மீள்கம்பி', பெயின்டைச் சுரண்டி போல்ட் இறுக்கும் இடத்துக்குக் 'கூண்டுமுனை' என்று முன்மொழிகிறேன். 'மீள்கம்பி நேர்முனைக் கம்பியின் பருமனுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இருக்கை வார் பூட்டியிருக்கும் போல்ட்டைக் கூண்டுமுனையாகப் பயன்படுத்தக் கூடாது' என்று எழுதிப் பாருங்கள். விளக்கம் தேவைப்படாமலே பொருள் நிற்கிறது.

'மீள்' என்ற பகுதியை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கறுப்புக் கம்பி தளர்ந்துவிட்டால் மின்னோட்டம் எப்போதும் அடங்கிவிடுவதில்லை. பாட்டுப்பெட்டியிலிருந்து வரும் மெல்லிய ஒலிக்கம்பியின் வெளியுறை வழியாகவும் திரும்பப் பார்க்கும், அந்த உறையையோ பாட்டுப்பெட்டியின் உட்புறத்தையோ கருக்கிவிடும். மீள்கம்பி என்று படித்துப் பழகியவர், 'இந்த வழி அடைத்தால் வேறெந்த வழியாக மீளும்?' என்று தாமே கேட்பார்.

எஞ்சினின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளை ஒலிக்குக் காரணமான 'கிரவுண்ட் லூப்' என்பதையும் இதே வேரிலிருந்து 'மீள்வளையம்' எனலாம். பெருக்கியும் பாட்டுப்பெட்டியும் வெவ்வேறு கூண்டுமுனைகளில் பிணைந்து, ஒலிக்கம்பியின் உறை அவ்விரண்டையும் சேர்த்து ஒரு வளையத்தை மூடிவிடுவதையே அச்சொல் காட்டுகிறது. 'கூண்டு' என்றால் இலங்கை நண்பர்களுக்குப் பறவைக் கூண்டு மட்டும்தான் தோன்றுமா, வண்டிக்கும் வழங்குமா என்பதை அவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். அங்கே வேறு சொல் பட்டறை வழக்கில் இருந்தால் 'கூண்டுமுனை'யை மாற்றிக்கொள்ள எனக்குத் தடையில்லை. 'மீள்கம்பி'யை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.