பேனா கேட்டால் வேதனை கிடைக்கும்

கொள்ளிடக்கரைக் குடும்பம் (11 பேர்)

திங்கள்

கண்ணன், இரவு 9:42
எல்லோருக்கும் வணக்கம். ஓர் உதவி வேண்டும். இங்கே பெட்ஃபோர்டில் இத்தாலியச் சங்கம் ஒன்றில் மொழி வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னேன் இல்லையா, அதேதான். வருடா வருடம் அக்டோபரில் உலகம் முழுக்க இத்தாலிய மொழி வாரம் நடத்துகிறார்கள். அதற்காக இங்கே தினமும் சாயங்காலம் ஒரு பேச்சு. வியாழக்கிழமை பத்து நிமிடம் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மலர், 9:44
அண்ணா, நீ இத்தாலி பற்றி இத்தாலிக்காரர்களிடம் பேசப் போகிறாயா? திருநெல்வேலிக்கே அல்வாவா?

அத்தை, 9:45
வாழ்த்துகள் தம்பி 💐💐

மாமா, 9:45
சாப்பாடு உண்டா?

கண்ணன், 9:47
காபியும் பிஸ்கட்டும் மாமா.

அம்மா, 9:50
அவர்களில் பேச ஆளே இல்லையா? உன்னை எதற்குக் கூப்பிட்டார்கள்?

கண்ணன், 9:54
வகுப்பில் சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். ஏலாக்குறிச்சிப் பக்கம் என்றேன். யாருக்குப் புரியும்? உங்கள் மாந்துவா பக்கத்து ஆள் ஒருவர் முந்நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊருக்கு வந்து, தமிழ் படித்து, தமிழில் காவியமே எழுதினார் என்று வாயை விட்டேன். வகுப்பில் யாருமே அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. மாட்டிக்கொண்டேன்.

பெரியப்பா, 9:58
ஊர் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. பிறந்தது 1680. குடும்பப் பெயர் பெஸ்கி. நாம் வீரமாமுனிவர் என்கிறோம். ஊர்ப் பெயரையாவது திருத்தமாகச் சொல்லிவிட்டு வா.

மாமா, 10:03
பெட்ஃபோர்டில் ஏன் அவ்வளவு இத்தாலிக்காரர்கள்? அது லண்டனுக்குப் பக்கம்தானே?

கண்ணன், 10:09
செங்கல், மாமா. போர் முடிந்து வீடு கட்டச் செங்கல் வேண்டும், சூளையில் நிற்க உள்ளூர் ஆள் வரவில்லை. 1951 முதல் லண்டன் பிரிக் கம்பெனி தெற்கு இத்தாலியிலிருந்து ஆள் எடுத்தது. காம்பானியா, மோலிசே, சிசிலி என்று ஏழைக் கிராமங்கள். பக்கத்து வீட்டு நோன்னாவின் வீட்டுக்காரர் அப்படி வந்தவர்தான். நோன்னா என்றால் பாட்டி. 1965 இல் இங்கே தங்களுக்கென்று ஒரு கோயிலே கட்டிக்கொண்டார்கள்.

மாமா, 10:10
அங்கே செங்கல், நம் அரியலூரில் சிமெண்டு. நான் முப்பது வருடம் தின்ற தூசியை அவர்களும் தின்றிருக்கிறார்கள். சரிதான்.

மலர், 10:12
அண்ணா, அந்தப் பேனா கதையைச் சொல். பெரியப்பாவுக்குத் தெரியாது.

கண்ணன், 10:18
முதல் நாள் வகுப்புக்கு எழுத ஒன்றும் எடுத்துப் போகவில்லை. படித்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு, “ஊனா பேனா, பெர் ஃபவோரே” என்று டீச்சரிடம் கேட்டேன். ஒரு பேனா கொடுங்கள் என்று அர்த்தம் என நினைப்பு. வகுப்பே சிரித்தது. டீச்சர் சொன்னார்: “அது எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறதே. இந்தாருங்கள், பென்னா.” இத்தாலியனில் பென்னா என்றால்தான் எழுதும் பேனா. பேனா என்றால் வேதனை, தண்டனை.

அத்தை, 10:20
😂😂😂

பெரியப்பா, 10:26
நாம் சொல்லும் பேனா போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. அவர்களுக்கு அது இறகு. இறகை வெட்டி எழுதிய காலம். ஆனால் கண்ணா, நீ சொன்னதில் வேறு ஒன்று இருக்கிறது. காலையில் சொல்கிறேன்.

செவ்வாய்

மாமா, காலை 6:15
*பலமுறை பகிரப்பட்டது*
தமிழனே தெரிந்துகொள்! ஏ, ஓ என்ற எழுத்துகளே தமிழில் இல்லை! இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தந்த கொடை! அனைவருக்கும் பகிருங்கள்!

மாமா, 6:15
கண்ணா, உன் பேச்சுக்கு ஆகும்.

பெரியப்பா, 6:31
மாப்பிள்ளை, தயவுசெய்து அதை அழியுங்கள்.

மாமா, 6:33
ஏன் மச்சான், நல்ல செய்திதானே?

பெரியப்பா, 6:49
பாதிதான் நல்ல செய்தி. ஏகாரமும் ஓகாரமும் தொல்காப்பியக் காலத்திலிருந்து இருக்கின்றன. ஒலி உண்டு, எழுத்தும் உண்டு. அடையாளம்தான் வேறு. அப்போது குறிலுக்கு மேலே ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளி இருந்தால் எ, இல்லாவிட்டால் ஏ. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று எழுதுகிறவன் விட்டுவிடுவான். பிறகு எரியா ஏரியா, செவலா சேவலா என்று படிக்கிறவன்தான் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும்.

பெரியப்பா, 6:55
முனிவர் செய்தது, அடையாளத்தைக் குறிலிலிருந்து நெடிலுக்கு மாற்றியது. எ அப்படியே இருக்கட்டும், நீட்ட வேண்டுமானால் கீழே ஒரு கோடு இழு, ஏ. ஒ அப்படியே இருக்கட்டும், கீழே சுழி, ஓ. கொம்பும் அப்படித்தான். கெ என்றால் ஒற்றைக் கொம்பு, கே என்றால் மேலே இன்னொரு சுழி. புள்ளி தேவையே இல்லை, ஓலையும் கிழியாது.

மாமா, 6:57
*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

மாமா, 6:57
அழித்துவிட்டேன். ஆனால் இன்னும் நான்கு குழுக்களில் போட்டிருக்கிறேனே.

கண்ணன், 11:40
பெரியப்பா, இப்போதுதான் எழுந்தேன். நேற்று “வேறு ஒன்று” என்றீர்களே?

பெரியப்பா, 11:52
அதுதான் இது. பென்னா, பேனா. உன் டீச்சர் சிரித்தது எதற்கு? எகரத்தை நீ நீட்டிவிட்டாய். ஒற்றையும் விட்டாய்.

கண்ணன், 11:55
ஆமாம்! இத்தாலியனில் இரட்டிப்பு மெய் வந்தால் அதற்கு முன்னால் உள்ள உயிர் குறுகிவிடும். இரட்டிப்பு போனால் உயிர் நீளும். அன்னோ என்றால் வருடம். அந்த ஒற்றை விட்டுவிட்டு ஒருவரிடம் வயது கேட்டால் வரும் பொருளை இந்தக் குழுவில் எழுத முடியாது.

மலர், 11:56
தனியாக அனுப்பு 😁

பெரியப்பா, 12:04
அப்படிப்பட்ட பேச்சில் வளர்ந்த காது எரிக்கும் ஏரிக்கும் ஒரே எழுத்தைப் பார்த்திருக்கிறது. ‘அதனால்தான் மாற்றினார்’ என்று மேடையில் சொல்லாதே, அது நம் ஊகம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டு, போதும்.

மலர், 12:10
நம் ஊர்ப் பெயரே ஏ-வில்தானே ஆரம்பிக்கிறது! அவர் வந்தபோது ஏலாக்குறிச்சி எலாக்குறிச்சி மாதிரி இருந்திருக்குமே!

பெரியப்பா, 12:13
சபாஷ். இவள் தமிழ் படித்திருக்க வேண்டியவள். அவர் அந்த ஊரைத் திருக்காவலூர் என்று எழுதினார். அதைத்தான் பாட்டிலும் வைத்தார்.

கண்ணன், மாலை 6:20
இதுவரை சேர்த்தது: தேம்பாவணி, 3,615 பாடல். சதுரகராதி, 1732. தொன்னூல் விளக்கம். திருக்குறளில் அறமும் பொருளும் லத்தீனில். பரமார்த்த குரு கதை. மெரினா சிலை, 1968 உலகத் தமிழ் மாநாடு. அரியலூரை ஆண்ட மழவராயருக்கு வந்த ராஜப்பிளவைக் கட்டியை முனிவர் குணப்படுத்திய ஊர்க்கதை. பிறந்த ஊருக்குப் பக்கத்தில் 1859 இல் நடந்த சோல்ஃபெரினோ சண்டை, அங்கே அடிபட்டவர்களைப் பார்த்துத்தான் செஞ்சிலுவைச் சங்க எண்ணம் பிறந்தது. மொத்தம் 26 ஸ்லைடு.

அத்தை, 6:24
பத்து நிமிடத்திலா? காபி ஆறிவிடும்.

பெரியப்பா, 6:30
இருபத்தாறில் இருபத்துநான்கை எடு.

புதன்

அம்மா, காலை 7:05
🎤 குரல் செய்தி (2:11)

மலர், 7:20
அம்மா சொன்னதை எழுதிவிடுகிறேன், பெரியப்பாவுக்குக் காது கேட்காது. கலியாணம் ஆன வருடம் அப்பா அம்மாவைச் சைக்கிளில் வைத்து ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக் கூட்டிப் போனாராம். திரும்பும்போது டயர் பஞ்சர். ஐந்து மைல் நடை. இதையும் பேச்சில் சொல்ல வேண்டுமாம்.

பெரியப்பா, 7:22
காது நன்றாகவே கேட்கிறது.

கண்ணன், பிற்பகல் 1:15
நேற்று ராத்திரிப் பேச்சு பிரமாதம். வட்டார மொழி பற்றி. இத்தாலி 1861 இல் ஒரே நாடானபோது இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சமாம். அவரவருக்கு அவரவர் ஊர்ப் பேச்சு. நூறு வருடம் கழித்தும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. 1960 முதல் 1968 வரை அல்பெர்த்தோ மன்சி என்ற வாத்தியார் டிவியில் கரியால் படம் போட்டு, பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தாராம்.

கண்ணன், 1:19
கேள்வி நேரத்தில் நோன்னா எழுந்து, “நான் இங்கே வந்தபோது எனக்கும் இத்தாலியன் தெரியாது, என் ஊர்ப் பேச்சுதான் தெரியும். சூளையில் சிசிலிக்காரர் ஒருவரிடம் என் வீட்டுக்காரர் கையைக் காட்டித்தான் பேசுவார்” என்றார். அவருடைய பேரன்தான் இப்போது வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து இத்தாலியன் படிக்கிறான். பாட்டி பேசுவதை எழுதினால் டீச்சர் சிவப்பு மையில் சுழிக்கிறார்.

பெரியப்பா, 1:34
இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? முனிவர் லத்தீனில் தமிழுக்கு இரண்டு இலக்கணம் எழுதினார், தெரியுமா? செந்தமிழுக்கு ஒன்று, கொடுந்தமிழுக்கு ஒன்று. கொடுந்தமிழ் என்றால் நானும் நீயும் திண்ணையில் பேசுவது. நம் புலவர்கள் அதற்கு இலக்கணம் எழுதுவது கௌரவக் குறைச்சல் என்று இருந்தார்கள். அவருக்குச் சந்தைக்கும் போக வேண்டும், சபைக்கும் போக வேண்டும். கொடுந்தமிழ் இலக்கணம் 1728 இல் எழுதி, 1738 இல் தரங்கம்பாடியில் அச்சானது.

பெரியப்பா, 1:36
இரண்டாவது ஸ்லைடு இதுதான். முதலாவது எரி, ஏரி. முடிந்தது.

கண்ணன், 1:38
அம்மாவின் பஞ்சர்?

பெரியப்பா, 1:39
அது முகவுரை.

மாமா, 1:50
பரமார்த்த குரு வேண்டாமா? அதுதான் எனக்குப் பிடித்தது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆற்றைக் கடந்ததும் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான், ஒருத்தன் போய்விட்டான் என்று ஒப்பாரி வைப்பார்கள்.

அத்தை, 1:51
எங்கள் வீட்டில் தினமும் தோசை எண்ணும்போது நடப்பது.

வெள்ளி

கண்ணன், அதிகாலை 3:12
நல்லபடி முடிந்தது. எல்லோரும் தூங்குவீர்கள், எழுதி வைக்கிறேன்.

கண்ணன், 3:20
புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. இரண்டே ஸ்லைடு, அதுவும் வரவில்லை. சுவரில் பெரிய தாளை ஒட்டி ஒரு மார்க்கரைக் கொடுத்தார்கள். அம்மாவின் பஞ்சரில் ஆரம்பித்தேன். ஐந்து மைல் நடை என்றதும் கிழவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் எரி என்று எழுதி, கையால் தீ மாதிரி காட்டினேன். பக்கத்தில் மறுபடியும் எரி என்றே எழுதி, “இது ஒரு லாகோ, ஏரி. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” என்றேன். ஒருவர் முன்னால் வந்து தாளில் மூக்கு உரசும் அளவுக்குப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதானே என்றார்.

கண்ணன், 3:26
மார்க்கரை நோன்னாவின் பேரனிடம் கொடுத்தேன். இரண்டாவது எ-க்குக் கீழே ஒரு கோடு போடு என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தான். கொஞ்சம் நீளமாகப் போய் அடுத்த எழுத்தில் முட்டியது. இதைத்தான் உங்கள் பெஸ்கி செய்தார் என்றேன். ஒரு நொடி சத்தமே இல்லை. டீச்சர்தான் முதலில், “பென்னா, பேனா!” என்று கத்தினார்.

கண்ணன், 3:33
கொடுந்தமிழ் இலக்கணத்தைச் சொன்னதும் நோன்னா பேரனைப் பார்த்து ஊர்ப் பேச்சில் ஏதோ சொன்னார். அவன் முகம் சிவந்துவிட்டது. கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: அந்தச் சாமியார் ஊருக்குத் திரும்பிப் போனாரா? இல்லை, 1710 இல் இந்தியாவுக்கு வந்தவர் 1747 இல் அங்கேயே இறந்தார் என்றேன். ஒன்றும் பேசவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அம்மா, காலை 5:50
சாப்பிட்டாயா?

கண்ணன், 5:52
சாப்பிட்டேன் அம்மா. மாந்துவாப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் முந்திய ராத்திரி செய்கிற தோர்தெல்லி கொண்டுவந்திருந்தார்கள். மாவுக்குள் பூசணி வைத்து மடித்து அவிப்பது. லேசாகத் தித்திக்கும்.

அம்மா, 5:54
கொழுக்கட்டை.

பெரியப்பா, 6:10
1978 இல் அரசாணை வந்து லை, னை எல்லாம் மாறியபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பிள்ளைகள் ஒரே வாரத்தில் பழகிவிட்டார்கள். வாத்தியார்களுக்குத்தான் கை வரவில்லை. அந்தப் பையன் போட்ட ஏ-வைப் போட்டோ எடுத்தாயா?

கண்ணன், 6:12
📷 படம்

பெரியப்பா, 6:15
கோடு நீளம்தான். பரவாயில்லை, ஓலை கிழியாது.

அத்தை, 6:20
மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் தம்பி?

கண்ணன், 6:21
முப்பத்தொன்று. நாற்காலியை மடக்கி வைக்கும்போது எண்ணினேன்.

மாமா, 6:22
நீ உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சேர்த்தா, சேர்க்காமலா?

கண்ணன், 6:25
மாமா, நான் நின்றுகொண்டிருந்தேன்.

மாமா, 6:25
அப்படியானால் முப்பத்திரண்டு. மட்டி.