மிளகுக் கொடியில வேர் வராம அடி மட்டும் திரளுது, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. கம்பம்மெட்டுப் பக்கம் நர்சரி வச்சிருக்கோம். ஓடுகொடியை ரெண்டு மூணு கணுவா வெட்டி, 1000 பிபிஎம் ஐபிஏ (வேர் விட வைக்கிற ஆக்சின் வகை ஹார்மோன்) கரைசல்ல அடியை முக்கி, கவர்ல ஊன்றோம். பன்னியூர்-1 ரகம் ஜோரா வேர் பிடிக்குது. அதே கரைசல், அதே மண், கரிமுண்டா ரகம் மட்டும் முரண்டு பண்ணுது. பிடுங்கிப் பார்த்தா வெட்டுவாயில பொரிகடலை ஒட்டின மாதிரி வெள்ளையா திரண்டு நிக்குது. பேருக்குக்கூட ஒரு வேர் இல்ல.

படிச்ச வரைக்கும், ஐபிஏ பெரும்பாலும் ஐஏஏவா (செடியில இயல்பா இருக்கிற ஆக்சின்) மாறித்தான் வேலை செய்யுது. செல்லுக்குள்ள பெராக்ஸிசோம்ங்கிற நுண்ணுறுப்புல அதோட பக்கச் சங்கிலியில ரெண்டு கார்பன் கழண்டு ஐஏஏ ஆகுது. அது ஆக்சினை உணர்ற டிஐஆர்1 புரதத்தோட சேர்ந்தாத்தான், வளர்ச்சி ஜீன்களை அமுக்கி வச்சிருக்கிற புரதங்கள் சிதையும். மிஞ்சினதைச் செடி சும்மா விடாது, அஸ்பார்டிக் அமிலத்தோட கோத்து ஒதுக்கிடும், இல்லன்னா ஆக்சிஜனேற்றி முடக்கிடும். (நேரடியா ஐஏஏ வாங்கினா வெளிச்சத்துலயே கெட்டுப்போகும், காசுதான் தண்டம்.)

என் சந்தேகம் இதுதான். கரிமுண்டா ஐபிஏவை மாத்துறதுல மந்தமா, இல்ல வந்த ஐஏஏவைச் சட்டுனு கட்டிப்போடுதா? மந்தம்னா, மாத்த வேண்டிய தேவையே இல்லாத என்ஏஏ (செயற்கை ஆக்சின்) கொஞ்சம் கலந்தா பலிக்குமா? இல்ல செல் பிரியத் தூண்டுற சைட்டோகைனின் ஹார்மோன் தூக்கலா இருக்கா? ஆக்சினும் சைட்டோகைனினும் சரிசமமா இருந்தா வெறும் திரள்தான் வரும்னு 1957லயே ஸ்கூக், மில்லர்ங்கிற ரெண்டு விஞ்ஞானிகள் புகையிலைத் திசுவுல காட்டியிருக்காங்க.

குமுளி, வண்டன்மேடு பக்கம் கரிமுண்டா போடுற அண்ணன்மாரே, அக்காமாரே, கொடி எவ்வளவு முத்தினது, எவ்வளவு நேரம் முக்குறீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. "சாணிப்பால்ல முக்கு"ன்னு ஏற்கனவே நிறையப் பேர் சொல்லிட்டாங்க.