80 கிலோமீட்டர் வேகத்தில் உறுமல்: பேரிங் மாற்றியும் தீரவில்லை, அடுத்து எதைப் பார்ப்பது?

பிறைக்கரை (பிறை, பினாங்கு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பட்டறையில் மறுபடியும் பணம் கட்டுவதற்கு முன், விவரம் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு ஸ்போர்ட்ஸ் ஹேட்ச்பேக்கைப் பழைய காராக வாங்கினேன். இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், ஆறு கியர் மேனுவல், முன்சக்கர இயக்கம், 225/40 ஆர்18 டயர்கள். வாங்கும்போது 51,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 68,000. எந்த நிறுவனத்தின் கார் என்பதை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். பெயரைச் சொன்னால் பேச்சு முழுவதும் அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும்.

வாரத்தில் ஐந்து நாட்கள் பிறையிலிருந்து பினாங்குப் பாலம் வழியாகப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போய் வருகிறேன். காலை நெரிசலில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்து போகையில் இடது முழங்கால் வலிப்பது உண்மைதான். ஆனால் ஞாயிறு விடியற்காலையில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் மலைப்பாதையில் ஒரு முறை ஓட்டிவிட்டு வந்தால், அடுத்த வாரம் முழுவதும் கிளட்சை மிதிக்கத் தெம்பு வந்துவிடுகிறது. நான்கு மாதங்களுக்கு முன்புவரை இந்தக் காரைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதில்லை.

நான்கு மாதங்களாக ஓர் உறுமல். 55 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குகிறது, 80ஐத் தொடும்போது மிளகாய் மில்லுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பதைப் போல இருக்கிறது. பின் இருக்கையில் இருப்பவர்களோடு பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். சென்ற மாதம் அம்மாவைத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். "இந்தக் காடியில வந்தா சாமி கும்பிடும்போதும் காதுல இரையுது" என்று சொல்லிவிட்டு, திரும்பும்போது தம்பியின் சிறிய காரில் ஏறிக்கொண்டார்.

வழக்கமாகப் போகும் பட்டறையில் முன் வலப்பக்கச் சக்கரத்தின் பேரிங் (சக்கரம் தடையின்றிச் சுழலத் தாங்கி நிற்கும் உருளை வளையம்) போய்விட்டது என்றார்கள். 680 ரிங்கிட் கொடுத்து மாற்றினேன். சத்தம் இம்மியும் குறையவில்லை. இப்போது முன் இடப்பக்கத்தையும் மாற்றச் சொல்கிறார்கள், அதிலும் தீராவிட்டால் கியர்பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். பணம் செலவழிக்காமல், பேரிங்கா வேறு ஏதாவதா என்று நானே கண்டுபிடிக்க வழி உண்டா? அல்லது தாழ்ந்த டயரும் விறைப்பான சஸ்பென்ஷனும் உள்ள இப்படிப்பட்ட கார்களின் இயல்பே இதுதானா? இயல்பு என்றால் விற்றுவிடலாம் என்று மனைவி சொல்கிறார், எனக்கு மனம் வரவில்லை.

பழைய ஸ்பேனர் (சுங்கை பட்டாணி) எழுதியது:

தம்பி, கியர்பாக்ஸை யாரும் தொட விடாதீர்கள். முப்பது ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உறுமல் சத்தத்துக்குக் காரணத்தைத் தேடும்போது கடைசியாகத்தான் அங்கே போக வேண்டும்.

முதலில் எஞ்சின் பக்கத்தைக் கழித்துவிடுங்கள். நேரான, வண்டி இல்லாத சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு ஒரு நொடி கிளட்சை மிதியுங்கள். எஞ்சின் சுற்று இறங்கியும் உறுமல் அப்படியே இருந்தால், அது சக்கரம் சுற்றுவதால் வரும் சத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, அகலமான சாலையில் அதே வேகத்தில் ஸ்டீரிங்கை மெதுவாக இடப்பக்கம் சாய்த்து, பிறகு வலப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் வலப்பக்கச் சக்கரங்கள் மேல் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம், மறுபக்கமும் அப்படியே. எந்தப் பக்கம் சாய்த்தாலும் சத்தம் மாறவில்லை என்றால் பேரிங்கின் மேல் பழி போடுவதற்குப் பெரிய காரணம் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். புதிதாகத் தார் போட்ட வழவழப்பான சாலையில் ஏறியதும் சத்தத்தின் தன்மை மாறுகிறதா? பேரிங்குக்குச் சாலை எப்படிப்பட்டது என்று தெரியாது. டயருக்குத் தெரியும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காரை ஜாக்கியால் தூக்கி, தாங்கு கால் வைத்த பிறகு (ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்), ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மறு உள்ளங்கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். பேரிங் கெட்டிருந்தால் மணலை அரைப்பது போன்ற அதிர்வு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வரும். காது ஏமாறலாம், உள்ளங்கை ஏமாறாது.

டயர்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எந்த ஆண்டில் தயாரானவை, கடைசியாக எப்போது முன்டயர்களைப் பின்னுக்கும் பின்டயர்களை முன்னுக்குமாக இடம் மாற்றினீர்கள்?

மூன்றாம் கியர் (கோலாலம்பூர்) எழுதியது:

நானும் ஆறு ஆண்டுகளாக இதே வகைக் காரைக் கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டுகிறேன் என்பதால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஃபோக்ஸ்வேகனின் முதல் கோல்ஃப் ஜிடிஐ 1976இல் வந்தபோது 1.6 லிட்டர் எஞ்சினில் 110 குதிரைசக்தியும் 13 அங்குலச் சக்கரத்தில் 175/70 அளவு டயரும் கொண்டிருந்தது. அந்த டயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 122 மில்லிமீட்டர் உயரம். உங்களுடையது 225இல் 40 விழுக்காடு, அதாவது 90 மில்லிமீட்டர். குழியிலும் பாலத்தின் இணைப்புகளிலும் அடி வாங்கி மெத்தைபோல் அமுங்க வேண்டிய ரப்பர் அவ்வளவு குறைந்துவிட்டது. ஆகவே தட்டும் சத்தமும் குலுக்கலும் ஓரளவு இயல்புதான். ஆனால் வேகத்தோடு சேர்ந்து ஏறும் சீரான உறுமல் இயல்பு இல்லை. அது எங்கோ ஏதோ தேய்ந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்.

தேவையற்ற செலவைக் குறைக்க ஒரு யோசனை. காற்றழுத்தத்தைக் காலையில், கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பல கடைகளில் எல்லாக் காருக்கும் ஒரே அழுத்தத்தை நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். என் கார் ஒருமுறை 290 கிலோபாஸ்கலில் திரும்பி வந்தது. தாளில் இருந்தது 230.

பாலத்தடி எழுதியது:

குடும்பஸ்தர் எதற்காக இப்படிப்பட்ட காரை வாங்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இரண்டு லிட்டர் எஞ்சினுக்குச் சாலை வரி மட்டும் 380 ரிங்கிட்டை நெருங்குகிறது, ஒன்றரை லிட்டர் காருக்கு 90 ரிங்கிட். அம்மா ஏற மறுத்த பிறகும் யோசனை எதற்கு? விற்றுவிடுங்கள்.

பிறைக்கரை எழுதியது:

பாலத்தடி அவர்களே, சாலை வரியை வாங்கும்போதே தெரிந்துதான் வாங்கினேன். அந்த 290 ரிங்கிட் வித்தியாசம் எனக்கு ஆண்டுக்கு ஒரு முறை வலிக்கிறது, உறுமல் நாளுக்கு இரண்டு முறை வலிக்கிறது.

ஸ்பேனர் ஐயா சொன்ன சோதனைகளை ஞாயிற்றுக்கிழமை காலை, தொழிற்பேட்டைச் சாலை காலியாக இருந்தபோது செய்து பார்த்தேன். கிளட்சை மிதித்தபோது சத்தம் மாறவில்லை. இருபக்கமும் சாய்த்தபோதும் மாறவில்லை. ஆனால் புதிதாகத் தார் இட்ட ஒரு பகுதியில் ஏறியதும் உறுமல் பாதியாகி, அதைத் தாண்டியதும் திரும்பி வந்தது. முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்த்தேன். மாற்றிய பக்கம், மாற்றாத பக்கம் இரண்டுமே பட்டுப்போல் இருந்தன.

டயர்கள் நான்கும் நான் வாங்கும்போதே இருந்தவை. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் 3120. இடம் மாற்றியதில்லை. முன்டயர்கள் தேய்ந்திருப்பது தெரிகிறது, பின்டயர்களில் பள்ளம் நன்றாகவே இருக்கிறது. காற்றழுத்தம் நான்கிலும் 270, தாளில் முன்னால் 240, பின்னால் 220.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகனின் மிருதங்கத்தை வகுப்புக்கு எடுத்துப் போவதற்காகப் பின் இருக்கைக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தை மூடும் தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டேன், அதுவும் கிட்டத்தட்ட நான்கு மாதங்களுக்கு முன்புதான். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

பழைய ஸ்பேனர் எழுதியது:

மிருதங்கம் உண்மையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. செடான் காரில் பின்பெட்டிக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கையின் முதுகும் ஒரு தகடும் தடுப்பாக நிற்கும். ஹேட்ச்பேக்கில் இருக்கையின் முதுகுக்கு மேலே அந்த மூடு தட்டைத் தவிர வேறு தடுப்பு இல்லை, அதையும் நீங்கள் கழற்றிவிட்டீர்கள். பின்டயரின் சத்தம் தடையில்லாமல் உள்ளே வந்து, கண்ணாடியில் மோதி, முன்னால் இருந்து வருவதுபோலக் கேட்கிறது. பட்டறைக்காரரும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு முன் பேரிங் என்று சொல்லியிருப்பார். தட்டு சத்தத்தை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

3120 என்றால் 2020ஆம் ஆண்டின் 31ஆம் வாரத்தில் தயாரானவை. இப்போது பின்டயரின் மேல், பள்ளங்களுக்குக் குறுக்கே அல்ல, டயர் சுற்றும் வழியிலேயே உள்ளங்கையால் வருடுங்கள். உள்ஓரத்தை மறக்க வேண்டாம், கார் நிற்கும்போது அது கண்ணில் படாது. ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் தேங்காய்த் துருவியைத் தொட்டதுபோல் கையைக் கீறுவதாகவும் இருந்தால், ரப்பர்க் கட்டிகள் ரம்பப் பல் போலச் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். முன்சக்கர இயக்கமுள்ள காரில் பின்பக்கம் பாரம் குறைவு. சக்கரம் நேராக உருளாமல் சிறிது உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருந்தால், ஒவ்வொரு கட்டியும் சாலையை விடும்போது இழுபட்டு இப்படித் தேயும். பள்ளம் ஆழமாக இருப்பதால் கடைக்காரரும் டயர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

உறுதி செய்துகொள்ள, அதே பக்கத்தில் முன்டயரைப் பின்னுக்கும் பின்டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தத்தின் இடமோ சுருதியோ மாறினால் டயர்தான். அதன் பிறகு நான்கு சக்கர அலைன்மெண்ட் (சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளந்து சரிசெய்வது) பார்க்கும் இடத்துக்குப் போங்கள். முன்னால் மட்டும் பார்த்து அனுப்பும் கடை உங்களுக்கு உதவாது.

பிறைக்கரை எழுதியது (பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு):

ஐயாவுக்கு முதலில் நன்றி. வலப் பின்டயரின் உள்ஓரத்தில் கை வைத்தபோதே தெரிந்துவிட்டது. முன்னோக்கி வருடும்போது ஒன்றும் இல்லை, பின்னோக்கி வருடியபோது விரல் தடுக்கித் தடுக்கி நின்றது. மகனையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், அவன் "அரம் மாதிரி இருக்குப்பா" என்றான். டயர்களை முன்பின் மாற்றியதும் உறுமல் என் கால்மாட்டுக்கு வந்துவிட்டது, ஸ்டீரிங்கிலும் லேசாக அதிர்ந்தது.

அலைன்மெண்ட் பார்த்தபோது வலப் பின்சக்கரம் மட்டும் அனுமதித்த அளவைப்போல் இரு மடங்குக்கு மேல் உள்நோக்கித் திரும்பியிருந்தது. எனக்கு முன் வைத்திருந்தவர் எங்கோ ஒரு குழியில் பலமாக இறக்கியிருக்க வேண்டும். சரிசெய்யும் திருகு துருப்பிடித்து இறுகியிருந்ததால், அதைத் தளர்த்தவே அரைமணி நேரம் ஆயிற்று. திரையில் சிவப்பாக இருந்த எண் பச்சையாக மாறும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

டயர்களை மாற்றும் நேரத்தில் 17 அங்குலத்துக்கு இறங்கலாமா என்றும் யோசித்தேன். இதே மாடலின் சிறிய வகையில் 225/45 ஆர்17 வருகிறது. கணக்குப் போட்டால் மொத்த விட்டம் 637 மில்லிமீட்டருக்குப் பதில் 634, வேகமானியில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை, பக்கச்சுவரும் 11 மில்லிமீட்டர் கூடும். ஆனால் என் காரின் பெரிய முன்பிரேக் 17 அங்குல ரிம்முக்குள் அடங்கவில்லை. கடையில் ஒரு பழைய ரிம்மை மாட்டிப் பார்த்தோம், பிரேக் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் உரசியது. எனவே 18லேயே, பக்கச்சுவர் அதிகம் விறைக்காத, சத்தம் குறைவான வகையில் நான்கு டயர் போட்டுக்கொண்டேன். ஓட்டத் தொடங்கிய முதல் நாளில் வளைவில் திரும்பும்போது கொஞ்சம் தாமதம் தெரிந்தது, இப்போது பழகிவிட்டது.

பாலத்தின் இணைப்புகளில் இன்னமும் தட்டுகிறது. உறுமல் அறவே போய்விட்டது. மிருதங்க வகுப்பு இல்லாத நாட்களில் மூடு தட்டையும் மாட்டிவிடுகிறேன். விற்பதைப் பற்றி வீட்டில் இந்த வாரம் யாரும் பேசவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை சத்தம் பாதிக் காரணம்தான். இருக்கை பள்ளமாக இருக்கிறது, இறங்கும்போது இடுப்பு பிடிக்கிறது என்கிறார். அதை அலைன்மெண்டில் சரிசெய்ய முடியாது என்பதால் கோயிலுக்குத் தம்பியின் கார்தான்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கிறது. புதிய டயர்கள் இடவலம் வேறுபாடில்லாத வகை, உள்பக்கம் வெளிப்பக்கம் என்று மட்டும் குறித்திருக்கிறது. இவற்றை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை, எப்படி இடம் மாற்றுவது?

பழைய ஸ்பேனர் எழுதியது:

10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை போதும். உங்கள் வகையில் முன்டயர்களை நேராகப் பின்னுக்கும், பின்டயர்களைக் குறுக்காக முன்னுக்கும் கொண்டுவரலாம். ஒரு பக்கமாகவே சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் குறுக்கே மாற்றக் கூடாது. இடம் மாற்றும்போதெல்லாம் உள்ஓரத்தை ஒரு முறை வருடிப் பாருங்கள். துருவி மறுபடியும் கையில் பட்டால், அந்தப் பின்சக்கரத்தின் புஷ் (சஸ்பென்ஷன் இணைப்பில் உள்ள ரப்பர்) தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.