தாத்தாவுக்குச் சிறகு வேண்டுமா?

அத்தை: 📷 அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு அட்டை. பார்த்துச் சொல்லுங்கள்.

சித்தப்பா: நன்றாக இருக்கிறது அக்கா. ஆனால் அப்பா தோளில் எதற்குச் சிறகு? கீழே 'தேவதூதர் ஆனார்' என்று வேறு போட்டிருக்கிறது.

அத்தை: லூக்கா 20:36 பார் தம்பி. தேவதூதருக்கு ஒப்பானவர்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

சித்தப்பா: இனிச் சாவில்லை, கலியாணமில்லை, அதில்தான் ஒப்பு. ஆளே தூதராகிவிடுவதாக அங்கே இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, தேவதூதரையே நாம் நியாயந்தீர்ப்போம் என்கிறார்!

அண்ணன்: தேவதூதரிலும் சற்றுச் சிறியவன் என்றுதானே சங்கீதம் 8இல் இருக்கிறது சித்தப்பா?

சித்தப்பா: அதை எடுத்துத்தான் எபிரெயர் 2ஆம் அதிகாரம் பேசுகிறது. அப்படிச் சிறியவராக வந்தவர் இயேசு. அவருக்கு முடிசூட்டியாயிற்று, பின்னாலேயே நாம். வரப்போகிற உலகமும் தூதர்கள் கையில் இல்லையாம். லியோன் ஆயர் இரனேயு 180 வாக்கில் எழுதிய பெரிய நூலை எப்படி முடிக்கிறார் தெரியுமா? மனிதன் தேவதூதரையும் தாண்டி ஏறிக் கடவுளின் சாயலுக்கு வருவான் என்று.

ஜெனி: அப்போ சிறகு வைத்தால் தாத்தாவுக்குப் பதவியிறக்கமா மாமா 😂

அத்தை: வாயாடி. சரி, எடுக்கச் சொல்கிறேன். பின்னால் மேகம் இருக்கட்டும். அதற்கும் ஒரு வசனத்தோடு வந்துவிடாதே தம்பி.

சித்தப்பா: 🙏 மேகம் தாராளமாக இருக்கட்டும்.

அண்ணன்: நேற்று வந்தவன் நம்மைத் தாண்டிப் போகிறானே என்று தூதர்களுக்குக் கோபம் வராதா?

சித்தப்பா: ஒருவனுக்கு வந்தது. ஆதாம் ஏவாள் வாழ்க்கையைச் சொல்லும் பழைய நூல் ஒன்று உண்டு, வேதாகமத்தில் சேராதது. அதில் ஆதாம் கடவுளின் சாயல், எல்லாரும் வணங்குங்கள் என்று தூதர்களிடம் சொல்கிறான் தலைமைத் தூதன் மிகாவேல். சாத்தான் முடியாது என்கிறான். எனக்குப் பின்னால் உண்டானவன், அவன்தான் என்னை வணங்க வேண்டும் என்று பிடிவாதம். விழுந்தது அதனால்தானாம்.

அத்தை: கலியாண வீட்டில் முதல் பந்திக்கு நடக்கிற சண்டைதான் 😄

சித்தப்பா: பழைய திருச்சபை ஆசிரியர் அகஸ்தீன் இந்தக் கதைப் பக்கமே போகவில்லை, அகந்தையால் விழுந்தான் என்பதோடு சரி. ஆனால் விழுந்த தூதர்களின் காலியிடத்தைக் கடவுள் மனிதரைக் கொண்டு நிரப்புகிறார் என்று எழுதியிருக்கிறார்.

ஜெனி: எத்தனை காலியிடம் மாமா?

சித்தப்பா: கணக்குச் சொல்லவில்லை. போனவர்களைவிடக் கூடுதலாகவே ஆட்கள் வரலாம் என்கிறார்.

ஜெனி: அப்பாடா 😅