பொருள்: எஸ்.எம்.பி.எஸ். என்பதை ‘இமைப்பு மின்வழங்கி’ எனலாமா?

அவையோர்க்கு வணக்கம். எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை) என்பதற்குச் சென்ற மடலில் ‘நிலைமாற்று மின்வழங்கி’ என்ற சொல் முன்வைக்கப்பட்டது; அதற்கு மாற்றாக ஒரு சொல்லை இங்கே வைக்கிறேன்.

வீட்டுக்கான சிறிய பெருக்கிகளைத் தாமே பூட்டிக்கொள்வோருக்காக நான் எழுதிவரும் கைந்நூலில், மின்வழங்கி பற்றிய இயல் மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறது. (ஆம்ப்ளிஃபயரை நான் ‘பெருக்கி’ என்றே எழுதுகிறேன்; ‘ஒலிபெருக்கி’ என்றால் நம்மவர்களுக்கு ஸ்பீக்கர்தான் நினைவுக்கு வரும்.) பவர் சப்ளையைப் பொதுவாக ‘மின்வழங்கி’ என்று குறிப்பதில் இங்கே பெரிய மறுப்பு எழவில்லை. ‘திறன் வழங்கி’ இயற்பியல் முறைப்படி சரியானதே; ஆனால் திறன்பேசி, திறன் வளர்ப்பு என்று அச்சொல் வேறு பக்கம் போய்விட்டது. ‘மின்னூட்டி’ ஓசையில் இனிமையானது, ஆனால் மின்னூட்டம் என்பது ஏற்கெனவே மின்துகள்களின் பண்பைக் குறிக்கும் பாடநூற்சொல். ‘வழங்கி’ கணினித்துறையில் சர்வரைக் குறிக்கிறது என்ற தடையை ஒரு நண்பர் எழுப்பினார்; ‘மின்’ முன்னே நிற்கும்போது அம்மயக்கம் எழாது என்பது என் எண்ணம்.

சிக்கல் பொதுப்பெயரில் இல்லை, உட்பிரிவில் இருக்கிறது. மின்மாற்றியை (டிரான்ஸ்ஃபார்மரை) நேரே சுவர்மின்னில் இணைக்கும் பழைய வகையையும் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் புதிய வகையையும் ஒரே பெயரால் அழைப்பது மொழிக் குறை மட்டுமன்று, பலகையைக் கருக்கிவிடும் பிழையுமாகும் என்பதை நான் கைப்பட அறிந்தவன். பல ஆண்டுகளுக்கு முன் டி.பி.ஏ. 3116 என்னும் பெருக்கிச் சில்லு பொருத்திய டி வகுப்புப் பெருக்கிப் பலகை ஒன்றை வாங்கினேன். அதற்கு 24 வோல்ட் வேண்டும் என்று ஒரு கடையில் கேட்டபோது, “24 வோல்ட் பவர் சப்ளைதானே சார், இதோ” என்று மின்மாற்றி, நான்கு டையோடு, கட்டைவிரல் பருமனுள்ள மின்தேக்கி ஆகியவற்றைச் சேர்த்துப் பூட்டிய ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து இணைத்த அடுத்த நொடியே, வெப்பத்தகட்டின் அடியிலிருந்து நூல்போல ஒரு புகை எழுந்தது. பிறகுதான் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: 34 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மின்மாற்றி மரபில் ‘24 வோல்ட்’ என்பது டையோடுகளுக்கு முன்னுள்ள மாறுதிசை மின்னழுத்தம். அதை நேர்மின்னாக்கித் தேக்கினால் 1.414 மடங்காகி ஏறக்குறைய 34 ஆகும். டையோடுகள் விழுங்கும் 1.4 வோல்ட்டைக் கழித்தாலும் 32.5 நிற்கும்; சுமை குறைவாக இருந்தால் இன்னும் ஏறும். டி.பி.ஏ. 3116 சில்லின் இயக்க எல்லையோ 26 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ். மரபில் ‘24 வோல்ட்’ என்பது இறுதியில் வெளிவரும் சீரான நேர்மின்னழுத்தம். ஒரே எண், அளந்த இடம் வேறு. டி.டி.ஏ. 2030 என்னும் பழைய பெருக்கிச் சில்லைக் கொண்டு பெருக்கி கட்டிய காலத்தில் இம்மயக்கம் எவரையும் சுடவில்லை. எல்லோரும் 12-0-12 மின்மாற்றியையே (நடுமுனைக்கு இருபுறமும் 12 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் தருவது) வாங்கினார்கள், நேர்மின்னாக்கியபின் அது நடுமுனைக்கு இருபுறமும் ஏறத்தாழ 16 வோல்ட் தந்தது, சில்லும் 18 வரை தாங்கியது. அந்தப் பழக்கத்தில்தான் ‘12-0-12’ என்ற எண்ணே ஒரு பெயராக நம் கடைத்தெருவில் நிலைத்தது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், கேட்டவுடன் இது மின்மாற்றி வகையன்று என்பதை உணர்த்த வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சென்ற மடலில் முன்வைக்கப்பட்ட ‘நிலைமாற்று மின்வழங்கி’ நேரெதிராக வேலை செய்யும். தமிழ்நாட்டில் நிலைமாற்றி என்பதை ஸ்விட்ச் என்று கொள்வோர் உண்டு. இலங்கைப் பாடநூல்களிலோ நிலைமாற்றி என்பது டிரான்ஸ்ஃபார்மரேதான். யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் அச்சொல்லைப் படித்தால், நாம் எதை விலக்க நினைத்தோமோ அதையே வாங்கி வருவார். இலங்கை வழக்கில் ஸ்விட்ச் ‘ஆளி’. நல்ல சிறிய சொல், ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்குத் தொழிலாளியும் ஆளி விதையும்தான் முதலில் தோன்றும். ‘சொடுக்கு’ கணினிச் சுட்டிக்குப் போய்விட்டது. அதை மீட்க முடியாது.

எனவே அக்கருவி செய்யும் வேலையிலிருந்தே சொல்லை எடுக்கலாம் என்று கருதுகிறேன். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை அது முதலில் நேர்மின்னாக்கி, ஏறத்தாழ 325 வோல்ட்டாக ஒரு மின்தேக்கியில் நிரப்பிக்கொள்கிறது. அதன்பின் ஒரு டிரான்சிஸ்டர் அதைத் திறந்து மூடி, திறந்து மூடிச் சிறுசிறு துடிப்புகளாகச் சின்னஞ்சிறு ஃபெரைட் மின்மாற்றிக்குள் விடுகிறது. மடிக்கணினி அடாப்டர்களில் நொடிக்கு 65,000 முறை என்பது பரவலான வேகம். வெளியே மின்னழுத்தம் தாழ்ந்தால் கூடுதல் நேரம் திறந்தும், உயர்ந்தால் விரைவில் மூடியும் அளவைக் காக்கிறது. திறப்பதும் மூடுவதும், அதுவும் கண் தெரியாத வேகத்தில்: இதற்குத் தமிழில் ‘இமைத்தல்’ என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. மாத்திரையைக் கண்ணிமைப் பொழுதால் அளந்த மொழிக்கு இது அயலாகவும் இராது. ‘இமைப்பு மின்வழங்கி’ என்பதே என் முன்மொழிவு. துடிப்பின் வேகத்தை ‘இமைப்பு வேகம்’ எனவும், துடிப்புகளால் எழும் இரைச்சலை ‘இமைப்பு இரைச்சல்’ எனவும் கிளைச்சொற்கள் தாமே அமையும். மற்றதை ‘மின்மாற்றி வகை மின்வழங்கி’ என்றே விடலாம். சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் போய் இமைப்பு மின்வழங்கி கேட்கச் சொல்லவில்லை, அங்கே எஸ்.எம்.பி.எஸ். என்றுதான் நானும் கேட்பேன். நூலில் இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல் வேண்டும் என்பதே கேள்வி.

சொல்லைச் சோதிக்க, இயலிலிருந்து ஒரு பகுதியை இங்கே வைக்கிறேன். படிக்கையில் எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

“தகட்டுப் பெட்டியில் வரும் இமைப்பு மின்வழங்கியின் பக்கத்தில் 115, 230 என்று பொறித்த சிறு நகர்த்தி இருந்தால், சுவரில் செருகுமுன் அது 230இல் நிற்கிறதா என்று பாருங்கள், 115இல் இருந்தால் உள்ளே மின்னழுத்தம் இரட்டிப்பாகி மின்தேக்கிகள் வெடிக்கக்கூடும். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் அவற்றுக்குரிய திருகுகளில் இறுக்குங்கள். எர்த் கம்பியைப் பெருக்கியின் உலோகப் பெட்டியோடும் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் முடுக்குங்கள். உருகியும் ஸ்விட்சும் ஃபேஸ் கம்பியில் வர வேண்டும், நியூட்ரலில் அன்று. வெளியீட்டைப் பலகையில் இணைக்குமுன் மீட்டரால் அளந்துகொள்ளுங்கள். பக்கத்திலுள்ள சிறு திருகாணியை யாரேனும் முறுக்கியிருந்தால் 24 என்று எழுதிய பெட்டி 26ஐத் தாண்டித் தரலாம். செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயுள்ள 325 வோல்ட் உடனே வடிந்துவிடாது, மூடியைத் திறக்காதீர்கள்.”

‘நகர்த்தி’ என்ற சொல்லும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. மாற்று இருந்தால் ஏற்கிறேன். உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி என்ற இலங்கைச் சொற்களை எடுக்க ஆசை உண்டு, குறிப்பாக நொதுமல். ஆனால் மின்சாரத்தைத் தொடும் இடத்தில் மின்பணியாளர் நாவில் உள்ள சொல்லை மாற்றத் துணிவில்லை. இலங்கை அன்பர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் வழக்கில் பவர் ‘வலு’ ஆதலால், ‘இமைப்பு வலு வழங்கி’ என்றால் காதுக்கு இயல்பாக இருக்கிறதா? இருந்தால் இரு வடிவங்களையும் அட்டவணையில் பக்கம் பக்கமாக அச்சிடுவேன்.

அன்புடன்.