மறு: வேலரைசேஷனுக்கு 'மதிப்புக்கூட்டல்' போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆலையில் மீந்துபோகும் தோல், உமி போன்றவற்றிலிருந்து வேறு பயனுள்ள பொருளை எடுப்பதை ஆங்கிலத்தில் வேலரைசேஷன் (valorization) என்கிறார்கள். அதற்குத் தமிழில் மதிப்புக்கூட்டல் என்றே வைத்துவிடலாம் என்று இந்த இழையில் இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பழத்தை ஜாமாக்கினால் அது மதிப்புக்கூட்டல். ஏற்கெனவே விலைபோகிற பொருள், இன்னும் கொஞ்சம் கூட்டி விற்கிறோம், அவ்வளவுதான். ஆனால் ஆரஞ்சைப் பிழிந்த பிறகு பழத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தோலும் சக்கையுமாக நின்றுவிடுகிறதே, அதை அப்புறப்படுத்தவே ஆலைக்குச் செலவு. அந்தத் தோலிலிருந்து முதலில் மணம் தரும் லிமோனீன் எண்ணெயை வடித்து, பிறகு அமிலம் கலந்த வெந்நீரில், ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டினைக் கரைத்தெடுத்து, கடைசியில் மிஞ்சும் நாரிலிருந்து செல்லுலோஸையும் பிரிக்க முடிகிறது. இதில் கூட்டுவதற்கு முன்னால் மதிப்பு எங்கே இருந்தது?

மறுசுழற்சியும் ஆகாது. காகிதம் மறுபடி காகிதமாகும், உமி நெல்லாகாது.

என் பரிந்துரை 'பயனாக்கம்'. துறையின் பெயராக வரும்போது 'எச்சப் பயனாக்கம்'. வினையாக்கிப் பாருங்கள்: 'சக்கையைப் பயனாக்கினார்கள்' என்று இயல்பாக வருகிறது. 'சக்கையை மதிப்புக்கூட்டினார்கள்' என்றால் நாக்கு இடறுகிறது.

கழிவு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டேன். கழிவு என்றால் கழித்தாயிற்று, கதை முடிந்தது. எச்சம் அப்படியில்லை, நம் இலக்கணத்திலேயே பெயரெச்சம், வினையெச்சம் என்று இருக்கிறது. 'வந்து' என்று நிறுத்தினால் அடுத்த சொல்லுக்குக் காது காத்திருக்கும். இந்தத் தோலும் உமியும் அப்படித்தான், இன்னும் முடியாதவை.

இன்னொன்று. சென்ற மடலில், பழத்தைப் பிழிந்தபின் நிற்பதற்கு 'பழக்கூழ் மீதி' என்று ஒரு புதுச்சொல் பார்த்தேன். எதற்கு? பிழிந்தது சக்கை, குத்தியது உமி, ஆட்டியது பிண்ணாக்கு. கரும்புச் சக்கை, ஆப்பிள் சக்கை, திராட்சைச் சக்கை எல்லாவற்றுக்கும் சக்கையே போதும்.

---

ஐயா, எச்சம் என்றதும் எனக்குக் காக்கைதான் நினைவுக்கு வருகிறது, மன்னிக்கவும் :) அதை விடுங்கள், உமியை அடுப்பில் போட்டு எரித்தாலும் பயன்தானே? அதையும் பயனாக்கம் என்பீர்களா?

---

நல்ல கேள்வி. எரித்துச் சூடு காய்ந்தால் அது பயன்படுத்தல். நான் நம்பியிருப்பது 'ஆக்கம்' என்ற பின்பாதியை, வேறு ஒரு பொருள் ஆகி வர வேண்டும். அதே உமியை எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதைப் பிரித்து ரப்பரில் சேர்த்தால் பயனாக்கம். அமெரிக்காவில் 1922இலேயே ஓட்ஸ் உமியை அமிலத்தோடு வேகவைத்து பர்ஃபுரால் என்ற வேதிப்பொருளைத் தொழில்முறையில் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், குவேக்கர் ஓட்ஸ் நிறுவனத்தார். உமி மலைபோல் குவிந்து கிடந்த இடத்தில் பிறந்த தொழில் அது. இதைப் 'பயன்படுத்தினார்கள்' என்று சொன்னால் பாதிகூடச் சொன்னதாகாது.

காக்கை விஷயம்: பறவை எச்சமும் லேசுப்பட்டதல்ல, குவானோ என்ற பெயரில் பெருவிலிருந்து கப்பல் கப்பலாக உரத்துக்குப் போனதுதான்! ஆனாலும் உங்கள் தயக்கம் புரிகிறது. உமிப் பயனாக்கம், தோல் பயனாக்கம் என்று பொருளின் பெயரைச் சேர்த்தே எழுதலாம், பொதுப்பெயர் தேவைப்படும் இடத்தில் மட்டும் எச்சம் வரட்டும்.

முதலில் எண்ணெய், பிறகு பெக்டின், பிறகு நார் என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் முறைக்கு 'படிப்படிப் பிரிப்பு' என்று குறித்து வைத்திருக்கிறேன். அதில் எனக்கே திருப்தியில்லை, யாராவது கை கொடுங்கள்.